எந்தச் சிலிண்டரும் பொருந்தும் இயந்திரம்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, புறநோயாளிப் பிரிவு நாற்காலிகளை இந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குச் சுமந்து வந்து அமர்ந்திருக்கும் சக ஊழியர்களே, முன்வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி இருக்கும் அண்ணி அவர்களே!

இருபத்திரண்டு ஆண்டுகள் நம் கருவிகளைக் காத்த தலைமை மெக்கானிக், நாம் "ஒருநிமிஷம்" என்று பட்டப்பெயர் சூட்டிய அண்ணன், இன்று இல்லை. ஏன் அந்தப் பெயர்? நான் மயக்க மருந்து கொடுக்கத் தொடங்கும்போதெல்லாம், கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஒரு நிமிஷம் சார்" என்பார்.

"உங்க ஒரு நிமிஷத்துலயே எனக்குத் தலை நரைச்சுடுச்சு" என்று சலித்துக்கொள்வேன். சிரிப்பார். ஆனால் சோதிக்காமல் நகர மாட்டார்.

எதைச் சோதித்தார்? அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

மூன்றாம் அறுவை அறையின் மயக்க மருந்து இயந்திரம் பழையதாக வாங்கப்பட்டது. அதில் ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டும் இடத்தில் இரண்டு சிறிய முளைகள் இருந்தன. சிலிண்டரின் கழுத்தில் அவற்றுக்கேற்ற துளைகள் இருந்தால்தான் பொருந்தும். வேறு வாயு அங்கே உட்காரவே உட்காராது. நமக்கு வந்த சிலிண்டர்களின் துளைகளோ வேறு இடத்தில் இருந்தன. மாற்றியமைக்க வந்த ஒப்பந்தக்காரர் என்ன செய்தார்? முளைகளை அராவி எடுத்துவிட்டார்! அன்றிலிருந்து எந்த வாயுவின் சிலிண்டரும் அங்கே பொருந்தும். அண்ணன் கத்தினார். எழுதிக் கொடுத்தார். "பரிசோதித்தோம், சரி" என்ற தாளில் கையெழுத்திட மறுத்தார். நான் இட்டேன். ஆம், நான்தான் இட்டேன்.

ஒரு பள்ளி ஆசிரியைக்குப் பித்தப்பை அறுவை. பத்தாவது நிமிடம் அவர் உதடு நீலமானது. ஆக்சிஜனைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட நீலம் ஏறியது! எந்த வாயு என்று காட்டும் பெயின்ட் உரிந்துபோயிருந்த அந்தச் சிலிண்டரில் இருந்தது ஆக்சிஜனே இல்லை, மயக்க வாயு. அண்ணன் பாய்ந்து வந்தார்.

"மிஷினைக் கழட்டி விடுங்க சார்! வெறும் காத்து போதும்!"

கையால் அழுத்தும் பையை எடுத்துத் தந்தார். நான் அழுத்தினேன். அந்த அம்மா பிழைத்தார்.

இயந்திரம் போனதா? போகவில்லை. "அதை மூடினா அந்த ரூமையே மூடணும். ஜனங்க எங்க போவாங்க?" என்றது நிர்வாகம். நாமும் அதையே ஓட்டிக்கொண்டிருந்தோம்.

"பேசாம வேலைய விட்டுட்டுப் போயிடுங்களேன் அண்ணே" என்றேன் ஒருநாள்.

"நான் போனா மிஷினும் என்கூட வந்துடுமா சார்?" என்றார்.

அதன்பின் நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு முறையும் மாட்டியிருப்பது ஆக்சிஜன்தானா என்று பார்ப்பதற்காக, அவர் விடுப்பே எடுக்கவில்லை. மகளின் திருமணத்தன்றுகூட வந்து சிலிண்டரைப் பார்த்துவிட்டுத்தான் மண்டபத்துக்கு ஓடினார். "அவரை அங்க யாரு சார் கட்டிப் போட்டிருக்காங்க?" என்று அண்ணி கேட்டார்.

செவ்வாய்க்கிழமை, வேலைக்கு வரும் பேருந்தில், உட்கார்ந்த இருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் கைப்பேசியில் கடைசி அழைப்பு எனக்குத்தான். "பஸ் லேட்டு சார். நான் வர்ற வரைக்கும் ஆரம்பிச்சுடாதீங்க."

நண்பர்களே! அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைக்க என்னை அழைத்திருக்கிறார்கள். எந்தப் பணியை? தூக்கி எறிய வேண்டிய ஒன்றுக்கு வாழ்நாள் முழுக்கக் காவல் நிற்பதையா? அந்தப் பணியை நான் தொடர மாட்டேன்! யாரையும் தொடர விடவும் மாட்டேன்!

மற்ற அறைகளுக்கெல்லாம் சேர்த்து நமக்கு மிஞ்சியிருப்பது இன்னோர் இயந்திரம் மட்டுமே. ஒரே நேரத்தில் இரண்டு பிரசவங்கள் சிக்கலானால் என்ன செய்வேன்? தெரியவில்லை. ஆனாலும் நாளை மூன்றாம் அறையில் நான் யாருக்கும் மயக்கம் கொடுக்கப் போவதில்லை. இயக்குநர் அவர்களே, என்னை வீட்டுக்கு அனுப்புவதானால் அனுப்புங்கள்.

நாளைய பட்டியலில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஏன் தள்ளிப்போகிறது என்று அவர்கள் வீட்டாரிடம் முழுதாகச் சொல்ல, இங்கிருந்து நேராக வார்டுக்குப் போகிறேன்.

என்னுடன் யார் வருகிறீர்கள்?