பெட்ரோல் தொட்டியில் பூசிய குங்கிலியம்

என் பெயர் அருள்பிரகாசம். தகப்பனார் பெயர் சவரிமுத்து. வயது முப்பத்தொன்று. ரோமன் கத்தோலிக்கன். காத்திவாக்கத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருக்கிறேன். திருவொற்றியூரில் ஒரு அரிசி மில்லில் நீராவி இஞ்சின் பிட்டராக வேலை. என் மனைவி ஃப்ளோரா நேற்றுக் காலை இறந்துபோனது சம்பந்தமாக, சப் இன்ஸ்பெக்டர் கேட்டதன் பேரில், 1934-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி நான் சொல்வது.

ஃப்ளோராவின் தம்பி ஸ்டானிஸ்லாஸ் என் மோட்டார் வண்டியில் எதையோ போட்டுக் கெடுத்துவிட்டான் என்று பக்கத்து வீட்டு வேலப்பன் பிராது கொடுத்திருக்கிறார். அக்காளும் தம்பியும் தகப்பன் விட்டுப்போன படகுக்காகத் தெருவில் நின்று சத்தம் போட்டது உண்மை. அன்று சாயங்காலமே அவள் இறால் குழம்பை என் கையில் கொடுத்து அவனுக்கு அனுப்பினதும் உண்மை. வேலப்பனுக்கு முதலாவது மட்டும்தான் கண்ணில் பட்டது.

எங்கள் முதல் குழந்தை, ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் மாட்டுவண்டியிலேயே பிறந்து, அங்கே போய்ச் சேருவதற்குள் இறந்தது. அதன் பிறகு ஃப்ளோரா மறுபடி உண்டானதும், இந்தத் தரம் அவளை மாட்டுவண்டியில் ஏற்றுவதில்லை என்று நான் முடிவு செய்தேன். மில்லின் பின்பக்கம் ஒரு பழைய மோட்டார் வண்டி கிடந்தது. சீமைக்குப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. டயர் மக்கி, சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டேன். இடம் காலியானால் போதும் என்று சொல்லி எடுத்துப்போகச் சொன்னார். அதன் பிறகு அதை வீட்டு வாசலில் கொட்டகை போட்டு நிறுத்தி, இஞ்சினைப் பிரித்து, துருவைச் சுரண்டி, இல்லாத சாமானை மில்லில் கடைந்து, வேலை முடிந்து வந்த நேரமெல்லாம் அதற்கே செலவழித்தேன். "இன்னாய்யா, புள்ளத்தாச்சி நான் இங்க கீறேன், நீ அந்தக் கெயவிக்கு கால் அமுக்கிகினு கீற" என்று ஃப்ளோரா கேலி செய்வாள். ஆனால் விளக்கு கண்ணாடிகளைத் துடைத்துப் பளபளவென்று வைத்தது அவள்தான்.

பெட்ரோல் தொட்டியின் அடியில் பொத்தல்கள் இருந்தன. ஈயம் வைத்துப் பற்றவைக்க நினைத்தேன். உப்பு லாரி ஓட்டும் ஹுமாயூன் அதைக் கேட்டுவிட்டு, "பெட்ரோல் குடிச்ச தொட்டி நைனா, நெருப்பு காட்டினா மூஞ்சி மிஞ்சாது" என்று பயமுறுத்திவிட்டுப் போனார். அதன் பிறகு நான் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது ஸ்டானிஸ்லாஸ் வந்தான். அவனுக்குப் படகுகளில் ஓட்டை அடைக்கிற வேலை. குங்கிலியப் பிசினைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சிப் பஞ்சோடு பலகை இடுக்கில் அறைவார்கள். அவன் அடைத்த படகு ஒழுகினதாகக் குப்பத்தில் யாரும் சொன்னதில்லை. "உப்புத்தண்ணிக்கே நிக்குது மாமா, இந்தத் தண்ணிக்கு நிக்காதா?" என்றான். உள்ளும் புறமும் அவனே பூசினான். படகைச் சோதிப்பதுபோல் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டோம். ஒரு சொட்டு விழவில்லை. நானும் கையால் தடவிப் பார்த்துச் சரி என்றேன்.

அதன் பிறகு கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கோயில் வரைக்கும் ஓட்டினோம். வண்டி நன்றாக ஓடியது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். தெருப் பெண்கள் எல்லாரும் ஏறி ஒரு சுற்று வந்தார்கள், வேலப்பன் சம்சாரமும் ஏறினாள். அதன் பிறகு, வலி எடுக்கும்போது ஓடவேண்டுமே என்று, தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றி, வண்டியைத் தொடாமல் மூடி வைத்தேன்.

நேற்றுக் காலை வலி கண்டது. ஃப்ளோராவைப் பின்சீட்டில் படுக்கவைத்து, ஸ்டானிஸ்லாஸ் அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ள, நான் ஓட்டினேன். எர்ணாவூர் தாண்டினதும் இஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. ஸ்டானிஸ்லாஸ் ஜட்கா பிடித்துவரத் திருவொற்றியூர் பக்கம் ஓடினான். நான் வண்டிக்கு முன்னால் நின்று, இஞ்சினைக் கிளப்புகிற கைப்பிடியைச் சுற்றினேன். ஒவ்வொரு தரமும் பிடித்துப் பிடித்து அணைந்தது. ஃப்ளோராவுக்கு உதிரம் போக ஆரம்பித்தது. "வுடுய்யா, நீ வந்து எங்கிட்ட குந்து" என்றாள். நான் போகவில்லை. இன்னும் ஒரு தரம் சுற்றினால் பிடித்துக்கொள்ளும் என்று இருந்தேன். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை.

பின்னால் உப்பு லாரியில் வந்த ஹுமாயூன் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். ஜட்கா தேடிப்போன ஸ்டானிஸ்லாஸும் வழியில் ஏறிக்கொண்டான். வழியிலேயே தாயும் வயிற்றுப் பிள்ளையும் இறந்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சடலத்தை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தபோது வேலப்பன் எல்லார் முன்னாலும் படகுச் சண்டையைப் பற்றிப் பேச வாயெடுத்தார். என்ன சொல்ல வருகிறார் என்று தெரியுமுன்பே ஸ்டானிஸ்லாஸ் அவரை வாயில் அடித்தான். கான்ஸ்டபிள் வந்து அவனை அழைத்துப்போனார். வேலப்பன் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிராது கொடுத்தது அதற்குப் பிறகுதான். அதன் பிறகு ஹுமாயூனும் நானும் வண்டி நின்ற இடத்துக்குப் போனோம். அவர் பெட்ரோல் குழாயைக் கழற்றினார். உள்ளே பழுப்பாகப் பிசின் அடைத்திருந்தது. தண்ணீருக்கு நிற்கிற குங்கிலியம் பெட்ரோலில் கரையும் என்று அவர்தான் சொன்னார். எங்கள் தெருவில் அது யாருக்குத் தெரியும்?

ஸ்டானிஸ்லாஸ் மீது எனக்கு ஆத்திரம் இல்லை என்று சொன்னால் பொய். நேற்று அவன் என் கையில் அகப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. ஆனால் அவன் அக்காளைப் பிழைக்கவைக்கத்தான் பூசினான், கெடுக்கப் பூசவில்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். அவனை விட்டுவிட வேண்டும். இன்று சாயங்காலம் அடக்கம்.

இன்னொன்று. வேலப்பனை அடித்ததற்காகத்தான் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பிசின் அடைத்த கதை அவனுக்குத் தெரியாது. அவனை விடும்போது இந்த வாக்குமூலத்தை அவன் காதுபட வாசிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டி ஏன் நின்றது என்று அவன் கேட்டால், பழைய வண்டி, நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். நான் உயிரோடு இருக்கிறவரைக்கும் அவனிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த ஒரு பொய்யைத் தவிர, மேலே எழுதியிருப்பது முழுவதும் நடந்தது நடந்தபடியே. எனக்குத் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டினார்கள். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) ச. அருள்பிரகாசம்