பிக்கிளின் கழுத்துக் காசு

நாய்களிடம் எனக்கு எந்த விரோதமும் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். நான் வெறும் ரொட்டி தின்ற நாளில்கூட பிக்கிளுக்கு ஆட்டு ஈரல்தான். அடுத்தவன் நாயை ஏன் தூக்கிப் போனேன் என்று கேட்கிறீர்கள். அதற்கு வில்ஃப் தர்லோவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நார்ஃபோக் பக்கம் உழுது போட்ட வயல்களில், உலோகம் தேடும் கருவியோடு நானும் வில்ஃபும் வருஷக்கணக்காக அலைகிறோம். காசுகளைப் பற்றிப் படித்தவன் நான். எங்கள் சங்கத்தில் யாருக்கு எது கிடைத்தாலும் 'செட்ரிக்கிட்ட காட்டு' என்பார்கள். வில்ஃப் படிப்பதெல்லாம் குதிரைப் பந்தயப் பக்கம். ஆனால் கருவி அவனுக்குத்தான் கத்தும். எனக்குக் கிடைத்ததெல்லாம் டிராக்டர் நட்டும் பீர் மூடியும்.

போன இலையுதிர்காலத்தில், பீட்ரூட் பிடுங்கிய வயலில், ஒரு காசை மண்ணோடு என் உள்ளங்கையில் வைத்தான்.

"என்ன எழவுடா இது? மூஞ்சி உன்னை மாதிரியே உர்ருனு இருக்கு."

மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். ரோமானியர் காலத்துத் தங்கம். இந்தப் பிரிட்டன் தீவைச் சில மாதங்களே ஆண்டு, சொந்த வீரர்கள் கையாலேயே செத்த ஒருவனின் தலை. அவன் பேரில் தங்கக்காசு அடித்திருப்பார்கள் என்று நான் எழுதிய கட்டுரையைப் பண்டிதர்கள் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"பெட்ரோல் பங்க்ல இனாமா குடுப்பாங்களே, அந்தப் பித்தளை வில்லை. தூக்கிப் போடு" என்றேன்.

தூக்கிப் போட்டிருந்தால் வம்பே இல்லை. சாயங்காலம் வந்து பொறுக்கியிருப்பேன். அவனுக்கோ அதன் மினுமினுப்பு பிடித்துப்போயிற்று.

"நம்ம பிக்கிள் கழுத்துல மாட்டுனா ஜோரா இருக்கும். ஒரு ஓட்டை போட்டுக் குடேன். எனக்குக் கை நடுங்கும்."

போட்டுக் கொடுத்தேன். மறுத்தால் சந்தேகப்படுவான் அல்லவா. காசிலிருந்த முகத்தில் படாமல், காதுக்குப் பின்னால் போட்டேன். அவன் போட்டிருந்தால் கண்ணில் போட்டிருப்பான். காசைக் காப்பாற்றியது நான்தான் என்று சொல்ல வேண்டும்.

ஓட்டை போடுமுன் படம் எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன். கண்டெடுத்தவர் என்று என் பெயரைப் போட்டேன். தோண்டுவது வேறு, கண்டெடுப்பது வேறு. வில்ஃப் தோண்டினான், அவ்வளவுதான். அங்கே ஒரே பரபரப்பு. காசை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். காசோ அப்போது தபால்காரரைத் துரத்திக்கொண்டிருந்தது.

அதனால் வில்ஃப் பப்புக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு சாசேஜைக் காட்டிப் பிக்கிளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கழுத்துப் பட்டையிலிருந்து காசைக் கழற்றினேன். என் விரலெல்லாம் சாசேஜ் வாசனை. காசிலும் ஒட்டியிருக்க வேண்டும். பிக்கிள் ஒரே வாயில் விழுங்கிவிட்டது.

காத்திருப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? தோட்டத்தில் அது குந்தி எழுந்த இடத்தையெல்லாம் கருவியால் தடவிப் பார்த்தேன். கருவி வாய் திறக்கவில்லை. மற்ற நேரம் வில்ஃபோடு சேர்ந்து நாயைத் தேடினேன். அவன் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டினான், நான் பசை வாளியைப் பிடித்தேன். ஓடைக்கரையில் உட்கார்ந்து அழுதான்.

"எம் பொண்டாட்டி போனப்புறம் எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்டா."

முதுகில் தட்டிக்கொடுத்தேன். நண்பன் என்று வேறு எதற்கு இருக்கிறோம்?

கூடவே அலைந்ததற்கு நன்றி சொல்ல, பன்றியிறைச்சி அடைத்து அவனே சுட்ட ரொட்டியோடு என் வாசலில் வந்து நின்றான். உள்ளேயிருந்து பிக்கிள் குரைத்தது. பக்கத்து வீட்டு அம்மாள்தான் உங்களுக்குப் போன் செய்தாள். அவன் செய்யவில்லை.

இப்போதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, என்னை விட்டுவிடச் சொல்லி உங்கள் சார்ஜெண்டிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். தனிக்கட்டையாக இருப்பதால் துணைக்கு நாயை எடுத்தேன் என்று நினைக்கிறான். "கேட்டிருந்தா வாரத்துல பாதி நாள் உங்கிட்ட விட்டிருப்பேனேடா" என்றான். காசைப் பற்றி அவனிடம் சொல்லிவிடாதீர்கள், மேடம். மனசு உடைந்துபோவான். அதைப் பார்க்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அந்தப் பாதி நாள் ஏற்பாட்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். முதல் பாதி என்னிடம் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பாவம், நாய்க்கு வயிறு சரியில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?