ரெண்டு ஆளு டெண்ட்டு

இல்லீங்க வக்கீலம்மா, அடிக்கறதெல்லாம் இல்லீங்க. குடியா? அட நீங்க வேற, காப்பியில சக்கரை போட மறந்தாலும் அப்படியே குடிச்சுட்டு எந்திரிச்சுப் போற மனுசன். வேற பொம்பளை தொடுப்பும் கெடையாது. அப்பறம் எதுக்குப் பிரியோணும்னு நீங்களும் கேக்கறீங்க, எங்க ஊர்லயும் கேக்கறாங்க. ஒடனே வாயில வரமாட்டேங்குது. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்து இன்பமேரி டீச்சர் உங்க பேரைச் சொன்னாங்கன்னு மொத பஸ்ஸைப் புடிச்சு மலையெறங்கி வந்திருக்கறேன். கொஞ்சம் பொறுத்தீங்கன்னா சொல்லீர்றேனுங்க.

என்ற பேரு ஆராயி, மஞ்சக்குட்டைங்க. அவுரு பேரை நானே சொல்லோணுங்களா? மாதேஸ்வரன். பிரியறதுன்னு வந்தாச்சு, இனி பேரைச் சொன்னா என்ன கொறஞ்சு போவுது. காப்பி எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு வேலை. நல்ல சம்பளம், ஓட்டு ஊடு, மாடு கன்னு. ஒரு கொறையுமில்ல, மலை நடக்கற பைத்தியத்தைத் தவிர.

அது எழுவத்தாறுல புடிச்சுதுங்க. தாடியும் சடையுமா ஒரு வெள்ளக்காரன் எஸ்டேட்டுக்கு வந்தான். அவனூர்ல பஸ்ஸு ஓடலியோ என்னமோ, நடக்கறதுக்குன்னு ஏரோப்ளேன் ஏறி வந்திருக்கறான். எங்காளு வழி காட்டறேன்னு அவங்கூடச் சுத்திட்டு வந்தாரு. போறப்ப அவன் முதுகுப் பையையும் டெண்ட்டையும் இவுருகிட்டயே குடுத்துட்டுப் போயிட்டான். அவனைப் புடிச்சிருந்த பைத்தியம் எங்காளு மேல ஏறிக்கிச்சு.

அப்ப எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. அதைச் சாக்கா வெச்சு, கல்வராயன் மலைச் சாமிக்கு ஜோடியா நடந்தே வர்றதா வேண்டிக்கிட்டேன்னு அவங்கப்பாகிட்டச் சொல்லிப்போட்டாரு. சாமின்னு சொன்ன பொறவு மாமனார் என்ன பேசுவாரு? திருநீறு பூசி அனுப்பீட்டாரு.

பஸ்ஸா? போவுதுங்களே. சேலம் வந்து மாறி ஏறுனா சொகுசாப் போயிறலாம். நாங்க எதுக்குச் சொகுசாப் போறோம்? சேர்வராயன்ல எறங்கி, சித்தேரி மலை ஏறி, அதையும் எறங்கி, அப்பறம் கல்வராயன் ஏறோணும். மலையெல்லாம் எங்களைக் கேட்டு அழுதுக்கிட்டு இருந்துச்சு பாருங்க. முதுகுல அவுருக்கு டெண்ட்டு, எனக்கு அரிசிப் பையும் கரிச்சட்டியும். கால்ல அட்டை ஏறி ரத்தம் குடிக்குது, எங்காளு அங்க பாரு மேகம் காலுக்குக் கீழ போவுதுங்கறாரு. மேகம் எங்க போனா எனக்கென்னங்க, எனக்கு என்ற காலு வேணும்.

அந்த டெண்ட்டு இருக்குதே, ரெண்டு ஆளு படுக்கற டெண்ட்டாம். எந்த ஊரு ரெண்டு ஆளோ. நான் திரும்பிப் படுக்கோணும்னா அவுரு எந்திரிச்சு உக்காரோணும். மழை பேஞ்சா வெளிய இருக்கறதைக் காட்டியும் உள்ளதான் தண்ணி சாஸ்தி. மொத வருசம் பொழுது விடியறப்ப ஒரு காட்டெருமை வந்து, வேர்வைத் துணி காயப்போட்ட கயித்தை நக்கிக்கிட்டு நிக்குது. அசையாத ஆராயி, அது ஒண்ணும் பண்ணாதுன்னாரு. யாருங்க அசைஞ்சா? அசையறதுக்கு எடம் எங்க இருந்துச்சு? ஆனா கல்யாணமாயி ரெண்டு வருசத்துல என்ற பேரை அவுரு சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன். அதுக்கு ஒரு காட்டெருமை வர வேண்டியிருந்துச்சு.

சித்தேரியில ஒரு அம்மா எங்களைப் பாத்துட்டு, ஐயோ, ஊடு வாசல் இல்லாம இப்படித் துணியைக் கட்டிக்கிட்டு அலையறீங்களேன்னு களியும் கீரையும் கொண்டாந்து வெச்சா. நான் ரைட்டரு சம்சாரம், ஓட்டு ஊட்டுக்காரின்னு சொல்லவா முடியும்? வாங்கித் தின்னுபோட்டு, மவராசியா இருங்கன்னு கும்புட்டுட்டு வந்தேன். எங்காளு வழியெல்லாம் சிரிச்சாரு. சிரிக்கத் தெரியும்னே எனக்கு அப்பத்தான் தெரியும்.

மறுவருசமே முத்தாயி பொறந்துட்டா. அப்பாடா, தீந்துச்சுன்னு இருந்தேன். நன்றி சொல்லாம இருக்கலாமான்னு மறுக்கா கெளப்பீட்டாரு. அப்பறம் புள்ளைக்குக் காய்ச்சல், மாட்டுக்குக் கோமாரி, காப்பிக்குப் பூச்சின்னு வருசாவருசம் காப்பி எடுப்பு முடிஞ்சதும் ஒரு வேண்டுதல். பாவம் அந்தச் சாமி, இவுரு நடக்கறதுக்காக எதையாவது நல்லாக்கிக்கிட்டே கெடந்துச்சு.

நடந்த களைப்புக்குத் தூங்கவாச்சும் உடுவாருன்னா, அதுவுமில்ல. உள்ள வந்து டெண்ட்டு வாசல் ஜிப்பை இழுத்தாப் போதும், பேச ஆரம்பிச்சுருவாரு. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்குப் போகாம கிளியூர் அருவியில குளிச்ச கதை, செத்துப்போன தங்கச்சி கதை, மொதலாளி திட்டுனது, மனசுல பட்டது படாதது அத்தனையும். நீ என்ன நெனைக்கறே ஆராயி, நீ சொல்லுங்கறாரு. நான் என்னத்தச் சொல்றது, எனக்குக் கண்ணு சொருவுது.

ஊட்லயா? ஊட்ல எங்கங்க பேசுவாரு. அப்பன் இருக்கற ஊட்ல பொண்டாட்டிகூடப் பேசுனா மரியாதைக் கொறைச்சல்னு அவங்க வழக்கம். சோறு வேணும்னா முத்தாயிகிட்ட, கண்ணு, உங்கம்மாளைச் சோறு போடச் சொல்லும்பாரு. நான் பக்கத்துலதான் நிப்பேன். அந்தப் புள்ளையும் திரும்பி, அம்மா சோறு போடுவியாமான்னு சொல்லும். தந்தியாபீசு கெட்டுதுங்க. மாமனாரு காலமானாரு. சரி, இனி யாருக்குப் பயந்துக்கிட்டு, நெதமும் பேசுவாருன்னு இருந்தேன். அவுரு எதுத்தாப்புல இருக்கற சொவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. பழகிப்போச்சாம். முத்தாயியும் சேலத்துல ஆஸ்டலுக்கு வந்துட்டா. இப்ப எங்க ஊட்டு நாய்தான் சேதி கேட்டுக்குது. டேய், தண்ணி கொண்டாரச் சொல்லுடாங்கறாரு. நாய் எப்படிங்க சொல்லும்? நானே கொண்டு போயி வெப்பேன்.

இல்லீங்க, அதுக்கும் நான் வரல. பதினஞ்சு வருசமா அப்படித்தானே இருந்தேன். வருசத்துக்கு ஒருக்கா மலையேறிக்கிட்டா போதும்னு இருந்துட்டேன்.

இந்தத் தை மாசம் மழை பேஞ்சுது பாருங்க, பேயக்கூடாத மழை. காப்பி பூராவும் களத்துல காயுது. தார்ப்பாய் பத்தல. எங்காளு ஊட்டுக்கு ஓடியாந்து டெண்ட்டைத் தூக்கிக்கிட்டுப் போயி, தையலைப் பிரிச்சு, நடுவுல கிழிச்சு, பாயாட்டம் விரிச்சு மூடிப்போட்டாரு. காப்பி தப்பிச்சுருச்சு. மொதலாளி முதுகுல தட்டிக் குடுத்தாரு. கெட்டிக்காரத்தனந்தான், நான் இல்லேங்கலீங்க.

சாயங்காலம் வந்தாரு. சோத்தைப் போட்டுட்டு நின்னுக்கிட்டே இருந்தேன். ஏதாச்சும் சொல்லுவாருன்னு. இனி கோயிலுக்கு பஸ்ஸுலயே போயிக்கலாம்னாரு. என்ற கிட்டச் சொல்லலீங்க, நாய்கிட்டச் சொன்னாரு.

தச்சுக்கலாமா? தச்சுக்கலாம்தானுங்க, கிளாத்து இன்னும் கெட்டியாத்தான் இருக்குது. தைப்பமா ஆராயின்னு ஒரு வார்த்தை அவுரு என்ற மொகத்தைப் பாத்துக் கேக்கோணும்ல. ரெண்டு மாசம் பாத்துட்டுத்தான் வந்திருக்கறேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க, தப்பில்ல. கோர்ட்டுலயும் சிரிப்பாங்க. அடிச்சாரு, குடிச்சாருன்னு பொய்யா மட்டும் எழுதீராதீங்க வக்கீலம்மா. டெண்ட்டைக் கிழிச்சுப்போட்டாருன்னே எழுதுங்க. அதுக்குள்ள மட்டுந்தானுங்க எனக்கு ஒரு புருசன் இருந்தாரு.