எண்ணெய் விட்ட கயிற்றுப் பூட்டு

என் பெயர் சிவரஞ்சனி. வயது 38. தகப்பனார் பெயர் கருத்தப்பாண்டி, காலமாகிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் தாயார் சுடலையம்மாளுடன் வசிக்கிறேன். தொழில், பாறை ஏறுவதும் ஏறக் கற்றுக்கொடுப்பதும். அப்படி ஒரு தொழில் உண்டா என்று இங்கே நிலையத்தில் கேட்டார்கள். உண்டு.

ராஜபாளையத்தில் உள்ள ஒரு கிளைம்பிங் அகாடமியில் விஜயதசமி அன்று காலை ஷெரின் என்ற பத்தொன்பது வயதுப் பெண் சுவரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த வழக்கில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நான் செய்த பலகைதான் அவளைத் தள்ளிவிட்டது என்று அகாடமியின் உரிமையாளர் தங்கப்பாண்டியன் புகார் கொடுத்திருக்கிறார். அந்தப் பலகை எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பிளஸ் டூ முடித்ததும் நான் தங்கப்பாண்டியனுடைய நூல் மில்லில் ரிங் பிரேமில் வேலைக்குச் சேர்ந்தேன். ஓடுகிற மிஷினில் அறுந்த நூலை விரல் நுனியால் பிடித்து ஒட்டுவது வேலை. வார விடுப்பு அன்று சஞ்சீவி மலைக்குப் போய்ப் பாறையில் ஏறுவேன். ஏன் ஏறினாய் என்றால், பிடித்திருந்தது. என் தாயார், "ஏட்டி, மனுசப் பிறவிதானா நீ? கால ஒடிச்சுக்கிட்டு வந்தா எவன் கட்டுவான் உன்னய?" என்று ஏசுவார்கள். காலும் ஒடியவில்லை, எவனும் கட்டவுமில்லை. அதன் பிறகு வெளியூரிலிருந்து கயிறும் போல்ட்டுமாக வந்த ஒரு குழுவிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, பாறையில் துளை போட்டுப் போல்ட் அடித்து நானே வழி அமைக்கப் பழகினேன். வழி அமைத்தவர்தான் அதற்குப் பெயர் வைப்பது எங்கள் விளையாட்டில் வழக்கம். நான் அமைத்த வழிகளுக்கு 'மூணாம் ஷிப்ட்', 'அறுந்த நூல்', 'சம்பளமில்லா லீவு' என்று பெயர் வைத்தேன். எனக்கு முன் அந்தச் செங்குத்தில் கயிறு கட்டி ஏறியவர்கள் யாருமில்லை.

அதன் பிறகு மில்லில் நூல் சுற்றும் மரப் பாபின்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் பாபின் கொண்டுவந்தபோது, விறகுக்குப் போக இருந்த மரப் பாபின்களை நான் கேட்டு வாங்கி, இரும்புக் கம்பிகளில் கோத்து, ஒரு பலகையில் வரிசையாக அடித்தேன். பிடித்தால் உருளும். உருளவிடாமல் விரலாலேயே நிறுத்திக்கொண்டு மேலே போக வேண்டும். அதில் பழகியவர்களுக்கு அசையாத பாறை சுலபமாகிவிடும். இடுப்பில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு ஏறுவதையும் நான்தான் ஆரம்பித்தேன். உடம்பு வீணாக ஆடினால் தண்ணீர் சிந்தும், தப்பை யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். மாநிலப் போட்டியில் நான் முதலில் வந்த பிறகு சிரிப்பு நின்றது.

அதன் பிறகு தங்கப்பாண்டியன் மில்லின் பழைய குடோனில் அகாடமி தொடங்கி என்னைப் பயிற்சியாளராக வைத்தார். என் பலகையைப் பெரிதாக்கி ஒரு சுவர் முழுக்க மாட்டச் சொன்னார், மாட்டினேன். திறப்பு விழா அன்று போய்ப் பார்த்தால் அதன் மேல் 'தங்கம் பலகை' என்று பித்தளையில் எழுதியிருந்தது. கேட்டதற்கு, "பாபின் யாரு மில்லு பாபின்? இடம் யாரு இடம்? நீ என்னத்தக் கொண்டாந்த, கையத்தான கொண்டாந்த?" என்றார். வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள், அவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார். நான் குடத்தில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தேன். வயிறு எரியாமலா இருக்கும்? எரிந்தது. இருந்தாலும் பிள்ளைகள் ஏறினார்கள் என்பதற்காக இருந்துவிட்டேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் வத்திராயிருப்பு ஷெரின். என்னைவிட நன்றாக ஏறுவாள், இதை நான் வேறு யாரைப் பற்றியும் சொன்னதில்லை.

சுவரில் ஏறுகிறவர் விழுந்தால், கீழே நிற்பவர் இடுப்பில் உள்ள சின்ன இரும்புப் பூட்டு கயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதைக் கயிற்றுப் பூட்டு என்போம். அதில் எண்ணெய் படவே கூடாது, பட்டால் கயிறு வழுக்கும். மில்லில் ஆயுத பூஜை என்றால் இரும்பு எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் விட்டுச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதனால் ஒவ்வொரு வருடமும் பூட்டுகளை நான் வீட்டுக்கு எடுத்துவந்து பூ மட்டும் வைத்துக் கும்பிட்டு மறுநாள் கொண்டுபோவேன். இந்த வருடம் தங்கப்பாண்டியன் விடவில்லை. "அகாடமிச் சாமான் அகாடமியில இருக்கட்டும். சாமி என்ன ஒங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கா?" என்றார். எண்ணெய் மட்டும் விட வேண்டாம் என்று அவரிடமும் மேனேஜர் கௌதம்ராஜிடமும் சொல்லிவிட்டு வந்தேன். பூஜைக்கு எண்ணெய் விடுகிற மில் பிட்டர் ஆவுடையப்பனிடம் அதை அவர்கள் இருவருமே சொல்லவில்லை.

விஜயதசமி அன்று புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோர்கள் வருவதாக இருந்தது. என்னைப் பத்து மணிக்கு மேல் வந்தால் போதும் என்றார்கள். பூட்டுகளைச் சோதித்த பிறகே யாரும் ஏறலாம் என்பது என் கட்டளை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நல்ல நேரம் போய்விடும் என்று தங்கப்பாண்டியன் எனக்காகக் காத்திராமல் ஷெரினைப் பலகைச் சுவரில் ஏறச் சொல்லியிருக்கிறார். கீழே கௌதம்ராஜ் கயிறு பிடித்திருக்கிறார். நான் அப்போது பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. "அக்கா, கயிறு நிக்கல, ஓடிருச்சு" என்று கௌதம்ராஜ் அழுதார். அவர் உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்ததை நான் பிறகு பார்த்தேன். பலகை தள்ளிவிட்டது என்றால் அந்தக் கை ஏன் வெந்தது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும்.

அதன் பிறகு நான் பூட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே மில்லில் விடுகிற ஸ்பிண்டில் ஆயில். மேலே சந்தனம், நடுவில் குங்குமம். ஆவுடையப்பன் ஓடிவந்து, "வழவழன்னு ஓடட்டும்னுதானே தாயி விட்டேன், நல்லதுக்குத்தானே விட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரும்பைக் கண்டால் எண்ணெய் விடுவது அவர் வேலை. சொல்லியும் கேட்காதவர்கள் மேல்தான் கோபம். பூட்டைத் துடைக்காமல் அப்படியே நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன்.

அன்று மாலை தங்கப்பாண்டியன் பத்திரிகைக்காரர்களிடம், இது சிவரஞ்சனி என்பவர் தன் இஷ்டத்துக்குச் செய்த நாட்டுப் பலகை, இது 'சிவரஞ்சனி பலகை' என்றார். பித்தளை எழுத்துகளை மதியமே கழற்றியிருந்தார்கள். இத்தனை வருடத்தில் என் பெயர் அந்தப் பலகைக்கு வந்தது அன்றுதான்.

ஷெரினை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பாபின் உருண்டு விரல் நழுவியதைச் சொன்னாள். நழுவுவது தப்பில்லை, விழுந்து விழுந்துதான் இதைக் கற்றுக்கொள்கிறோம். விழும்போது சுவரைப் பிறாண்டாதே, கையை விட்டுவிடு, கயிறு பிடித்துக்கொள்ளும் என்று நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். "நீங்க சொன்ன மாதிரியே கைய விட்டுட்டேன்க்கா" என்றாள். திரும்ப ஏறுவாளா என்று டாக்டரைக் கேட்டேன். முதலில் நடக்கட்டும் என்றார்.

இதை எழுதிக்கொள்ளும் சார்பு ஆய்வாளர் மகாலட்சுமி அவர்கள் என் நன்மைக்காக ஒன்று சொன்னார்கள். "ஏம்மா, ஊருக்கே தெரியும் அது தங்கம் பலகைன்னு, அவிய நோட்டீசுலயே இருக்கு. எனக்கும் அந்தப் பலகைக்கும் சம்பந்தம் இல்லன்னு ஒரு வரி சொல்லுங்க, எழுதிக்கிடுதேன். பொறவு ஒங்க பேரு இதுல நிக்காது" என்றார்கள். இதையும் எழுதச் சொன்னேன்.

எனக்குப் பயமில்லாமல் இல்லை. ஜெயிலை நினைத்தால் பயமாக இருக்கிறது, வயதான தாயார் இருக்கிறார்கள். ஆனால் பலகையை நான் செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் பலகைதான் கொன்றுபோடப் பார்த்தது என்று ஆகிவிடும், எண்ணெயைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், ஷெரின் விழுந்தது யாராலும் இல்லாமல் போய்விடும். பலகையை நான் செய்தேன். பூட்டுக்கு எண்ணெய் விட நான் சொல்லவில்லை. இரண்டும் உண்மை, ஒன்றை விட்டு ஒன்றை எழுத வேண்டாம்.

நான் சொன்னதை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சரியாக இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் பழக்கத்தில் 'தங்கம் பலகை' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, மேலே 'என் பலகை' என்று எழுதச் சொன்னேன். திருத்தத்தின் பக்கத்தில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
க. சிவரஞ்சனி