கோமதிநாயகம் விட்டுக்கொடுத்த எட்டுப் புள்ளி

சர்டிபிகேட் எல்லாம் மேசையில தயாரா இருக்கு... கொஞ்சம் பொறுங்க. கையில வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கதை கேட்டுட்டு வாங்கிக்குங்க. நம்ம மக்கள் தொடர்புத் தொழில்ல நடந்த கதைதான்.

கோமதிநாயகம்னு ஒருத்தர். திருநெல்வேலியில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில பி.ஆர்.ஓ. தங்கமான மனுஷன்... ஆனா பரீட்சைன்னா அப்படி ஒரு பயம். இப்ப நீங்க சர்டிபிகேட் வாங்கப்போற இதே தொழில் அங்கீகாரத்துக்காக எத்தனை தடவை எழுதினாரு? மூணு தடவை! முதல் தடவை எழுத்துத் தேர்வுலயே போச்சு. ரெண்டாவது தடவை நேர்காணல்ல, 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னாங்க... மனுஷன் அரை மணி நேரம் ஆஸ்பத்திரியைப் பத்தியே பேசிட்டு வந்துட்டாரு! மூணாவது தடவை பாஸ். அன்னைக்குத் தெரு பூரா கேசரி.

வாங்கிட்டா போதுமா? மூணு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணுமே! பயிற்சி வகுப்புக்குப் போகணும், முப்பது புள்ளி சேர்க்கணும். இவர்கிட்ட முப்பத்திரண்டு இருக்கு. அப்புறம் என்ன கவலை?

கவலை ஃபாரத்தோட கடைசி வரியில இருந்துச்சு. 'மேற்கண்ட வகுப்புகளில் முழு நேரமும் கலந்துகொண்டேன் என உறுதி கூறுகிறேன்.' கீழ கையெழுத்து. பேனாவை எடுத்தாரு... வச்சாரு... எடுத்தாரு... வச்சாரு.

சம்சாரம் சண்முகவடிவு பாத்துக்கிட்டே இருந்தாங்க. "ஏங்க, உங்க பேரே மறந்துபோச்சா?"

"இல்ல வடிவு... அந்த மதுரை வகுப்பு... எட்டுப் புள்ளி. காலையில கையெழுத்துப் போட்டேன், பையை வாங்கினேன், பேனர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்தேன்..."

"அப்புறம்?"

"...மேட்னி ஷோ போயிட்டேன்."

சிரிக்காதீங்க! யாரது... மூணாவது வரிசையா? உங்க வீட்ல அந்த மாதிரிப் பை எத்தனை தொங்குதுன்னு எனக்குத் தெரியும்! அந்த வகுப்போட தலைப்பு என்ன தெரியுமா? சொல்லட்டுமா? 'தொழிலில் நேர்மை'!

அந்த அம்மா சொன்னாங்க, "யாருக்குத் தெரியப்போவுது? அங்கீகாரம் இருந்தாத்தான் மேலாளர் பதவின்னு சொல்லிட்டாங்க. இந்த மாசம் விட்டா உங்களுக்கு அது எப்ப வரும்? கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க."

"வாஸ்தவம்தான். ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரியில ஏதாவது ஒண்ணு நடந்தா, அழுதுக்கிட்டு நிக்குற சொந்தக்காரங்க முன்னாடி போய், 'நாங்க சொல்றது உண்மை, நம்புங்க'ன்னு சொல்லப்போறது நான்தானே வடிவு? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

அந்த அம்மா உள்ள போய் ஒரு காபி போட்டுக் கொண்டுவந்து பக்கத்துல வச்சாங்க.

மனுஷன் அந்த எட்டை அடிச்சாரு. பக்கத்துல எழுதினாரு, 'இந்த வகுப்பில் நான் உட்காரவில்லை'னு. முப்பத்திரண்டுல எட்டு போனா? இருபத்துநாலு! அங்கீகாரம் போச்சு. மேலாளர் பதவி வேற ஒருத்தருக்குப் போச்சு. விசிட்டிங் கார்டுல பேருக்குப் பின்னாடி இருந்த பட்டத்தை, ஒவ்வொரு கார்டுலயும் அடிச்சிட்டுத்தான் குடுத்தாரு. அம்பத்தோரு வயசுல, தன் மக வயசுப் பிள்ளைங்களோட உக்காந்து மறுபடியும் பரீட்சை எழுதினாரு. பயம் இருக்கத்தான் செஞ்சுது... ஆனா இந்தத் தடவை ஒரே முயற்சியில பாஸ்!

இவ்வளவு விவரமா உனக்கு எப்படிய்யா தெரியும்னு கேப்பீங்க. வீட்ல பேசினதை அந்த அம்மா பின்னாடி சொன்னாங்க. மதுரைக் கதை எனக்கே தெரியும்... ஏன்னா அன்னைக்கு மேட்னிக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தோம். ரெண்டாவது ஆள்... நான்தான்.

அவரு ஃபாரத்துல என் பேரை எழுதினாரா? எழுதல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? கேக்கல. நான் அதே மாதிரி ஒரு ஃபாரத்துல, அதே வரிக்குக் கீழ, கையெழுத்துப் போட்டேன். எனக்குப் புதுப்பிச்சும் குடுத்துட்டாங்க. அந்த மனுஷனைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வெக்கமா இருந்துச்சு... பிரியமாவும் இருந்துச்சு.

நண்பர்களே, 'எங்களை நம்புங்க'ன்னு ஊருக்குச் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குறவங்க நாம. அங்கீகாரத்தை ஒரு நாள் பரீட்சை எழுதி வாங்கிடலாம். அதைக் காப்பாத்துறது யாரும் பாக்காத அந்தக் கடைசி வரியிலதான். அங்க பொய் சொன்னா, காகிதம் நம்மகிட்ட இருக்கும்... அங்கீகாரம் இருக்காது.

நேத்து நம்ம சங்கச் செயலாளரைப் பாத்து என் எட்டையும் அடிச்சுக் குடுத்துட்டேன். அடுத்த மாசம் எனக்குப் பரீட்சை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கோமதிநாயகம் போன்ல பாடம் எடுக்குறாரு, தப்பாச் சொன்னா திட்டுறாரு. உங்கள்ல யாருக்காவது அடிக்க வேண்டிய புள்ளி இருந்தா, கூச்சப்படாம வாங்க... பரீட்சை ஹால்ல என் பக்கத்து இடம் காலியாத்தான் இருக்கு!