தேய்ந்த குதிகால்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு வெளியே, அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், தைப்பவரிடம் தன் ஏழு வயது மகளின் செருப்பைச் சிரித்தபடி நீட்டினாள்.

"அண்ணே, குதிகால் தேஞ்சிருச்சு பாருங்க!"

"இதுக்கா இம்புட்டுச் சிரிப்பு? புது அடி ஒட்டித் தாரேன்."

"அய்யோ, அதைத் தொட்டுறாதீங்க! இவளுக்கு அவ அப்பா வழியா வந்த நரம்புக் கோளாறு. முன்னெல்லாம் நுனிக்கால்லயே நடப்பா, செருப்புல முன்பக்கந்தான் தேயும். ரெண்டு வருசம் பிசியோதெரபி பண்ணி, இப்பத்தான் குதிகால் தரையில படுது. பயிற்சி குடுக்குற அக்காகிட்ட காட்டணும். அறுந்த வாரை மட்டும் தைங்க."

அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டும் சமமாத் தேஞ்சிருக்கே, ஆத்தா!"

"இல்ல மாமா, இடது இன்னும் கொஞ்சம் தேயணும்," என்றாள் சிறுமி. "சீக்கிரம் தைங்க, நான் நடக்கணும்ல."