பூவரசுக்குத்தான் நோய்

"புளியமரம் நல்லா இருக்கு டீச்சர். நோய் உங்க பூவரசுக்குத்தான்."

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருடம், வரிச்சிக்குடி போகும் பேருந்தில் என் முன் இருக்கைக்காரர் இப்படிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் கட்டுவதற்கு முன்னால் மரங்களைச் சோதித்துவிட்டு வரும் ஓவர்சியர் அவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. எதிர்ப்பக்கம் பெண்கள் இருக்கையில் இருந்தவர் அந்தப் பள்ளி ஆசிரியை.

"புளிய மரத்தத்தானே எல்லாரும் பட்டுப்போச்சுன்னாங்க? அத வெட்டக்கூடாதுன்னுதானே நான் சண்ட போட்டேன்?"

"இலைதாங்க உதிர்ந்திருக்கு. அடிமரம் கல்லு மாதிரி இருக்கு. அத விட்டுட்டுத்தான் அஸ்திவாரம் தோண்டுவோம்."

"பூவரசு நான் வேலைக்குச் சேர்ந்தப்ப நட்டதுங்க. பச்சப்பசேல்னு நிக்குதே?"

"மேலதான் பச்ச. தட்டிப் பாத்தேன், அடியெல்லாம் பொக்கு. வண்டு குடைஞ்சிருக்கு."



"புள்ளைங்க மேல விழுமா?"

"ஐப்பசிக் காத்துக்குத் தாங்காதுங்க."

"அப்ப வெட்டிடுங்க. கட்டடம் அங்கயே வரட்டும்."

ஓவர்சியர் தலையை ஆட்டினார். அவருக்கு மனசு லேசானது முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க. வெட்டுறப்ப மேல நல்ல கெளையா ஒண்ணு எடுத்து வைங்க. அதப் போத்தா வெட்டி நட்டா துளுத்துடும்."

"எங்க நடப் போறீங்க?"

"நீங்களே எடம் காட்டுங்க. நாளைக்கு அங்கயும் கட்டடம்னு வந்து நிக்கப்படாது."

இருவரும் சிரித்தார்கள்.